துலுக்கானத்தின் இடது தோள்

ரங்கூனிலிருந்து திரும்பி வந்த துலுக்கானத்தின் இடது தோள், வலது தோளைவிட ஒரு நாலு வயதுப் பெண்குழந்தையின் எடை கூடுதலாக இருந்தது. முதலில் இதைத் தெரிந்துகொண்டவர் வேலப்பன்சாவடி வண்டிக்காரர் தங்கவேல். நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் பட்டணமே பாயையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு பூந்தமல்லி ரோட்டில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அம்பத்தூரில் மாட்டுக்கொட்டகைக்கு வாடகை கேட்டார்கள். ஆவடியில் விறகு கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தாடியும் மீசையுமாக, காலில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு நடந்து வந்தவனைத் தங்கவேல் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவன் ஏறியதும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நடுவில் உட்காரச் சொன்னார். அப்போதும் இடது பக்கமே சாய்ந்தது. வலது பக்கத்தில் ஒரு தவிட்டு மூட்டையை நகர்த்திவைத்துச் சமப்படுத்திக்கொண்டு, பாரிவாக்கம் பிரிகிற இடத்தில் அவனை இறக்கிவிட்டார். பிற்பாடு யாராவது கேட்டால், அந்தக் கனத்துக்குத் தவிட்டு மூட்டை ஒரு பிடி குறைவாகத்தான் இருந்தது என்று சொல்வார்.

துலுக்கானம் கல்யாணமான மறுவருஷமே மனைவி நாகம்மாளை அழைத்துக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறியவன். அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். மகள் வேம்பு அங்கேதான் பிறந்தாள். உடம்பு பிடித்துவிடுவது நாகம்மாளின் தாய் செய்துவந்த தொழில் என்பதால், பிறந்த அன்றிலிருந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவி, முதுகை உருவிவிட்டுக் குளிப்பாட்டியது அவளே. ஒருநாளும் அடுத்தவர் கையில் விட்டதில்லை. நாற்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில், அந்தத் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று பாரிவாக்கத்திலிருந்து சேதி போனது. மூவரும் புறப்படத்தான் இருந்தார்கள். அந்த வாரம் வேம்புவுக்கு அம்மை வார்த்தது. அம்மை கண்ட குழந்தையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நாகம்மாள் முன்னால் போவது, உடம்பு தேறியதும் அப்பனும் மகளும் அடுத்த கப்பலில் வருவது என்று முடிவாயிற்று. நாகம்மாள் வந்து சேர்ந்தாள். தாய்க்குக் கருமாதி முடிந்தது. மார்கழியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு இடம் கிடைக்கிற கப்பல் ஒன்றும் அதற்குப்பின் வரவில்லை. கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடக்கத் தொடங்கினார்கள் என்று மட்டும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

காத்திருந்த அந்த மாதங்களில் நாகம்மாள் தாய் விட்டுப்போன வேலையைச் செய்தாள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிட, கைக்குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட, சுளுக்கு எடுக்க, வாயு பிடித்த முதுகை நீவிவிட, பாரிவாக்கத்திலும் சுற்றியிருந்த ஊர்களிலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பேறுகாலத்தில் இடுப்பு விட்டுப்போனவள் அவள் கை பட்டபின் தானே எழுந்து தண்ணீர் சேந்தினாள். ராப்பகலாக வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை, வயிற்றை வட்டமாக நீவி வாயுவை இறக்கியதும் அவள் காலிலேயே தூங்கிப்போயிற்று. பால் கக்குவது நின்றது. நாற்று நட்டு இடுப்பு இறுகியவர்களுக்குத் தண்டுவடத்தின் இரு பக்கமும் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டே மேலே போவாள். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும், பாயில் சாய்ந்ததும் கண் சொருகும். குழந்தைகளைக் குளிப்பாட்டி முடித்ததும் தாயிடம் கொடுத்துவிட்டு, தன் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். முத்தம்மாள் என்ற பண்ணைவீட்டுக்காரி இதைக் கவனித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துலுக்கானம் வந்து நின்றபோது நாகம்மாள் வாசலில் புழுங்கல் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் பார்த்தாள், பாதை வெறுமையாக இருந்தது. அவன் வீட்டுக்குள் போனான். அந்தக் குடிசையின் வாசல் தாழ்வானது. யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் நுழையவேண்டும். அவனோ தலையைக் குனிவதோடு விடாமல், முழங்காலை மடித்து இடுப்பளவுக்கு இறங்கி, வலது கையை இடது தோளுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். தோளில் குழந்தையை வைத்திருக்கிறவன் அதன் தலை இடித்துவிடக் கூடாதே என்று அப்படித்தான் நுழைவான். நாகம்மாளுக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. நெல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவந்து ஒப்பாரி வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். தோளில் இருக்கிறவளை வைத்துக்கொண்டு எப்படி ஒப்பாரி வைப்பது?

மறுநாள் காலை வெயிலில் அவனை மணைமேல் உட்காரவைத்து, நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். பாதமெல்லாம் வெடிப்பு. கெண்டைக்காலில் அட்டை கடித்த தடங்கள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. இடது தோளுக்குக் கை போனபோது, தோளைத் தொடுவதற்கு நாலு விரற்கடைக்கு மேலேயே நின்றது. பார்வைக்கு வெறும் காற்று. ஆனால் அது வெதுவெதுப்பாக, உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவாக இருந்தது. அது ஒரு முழங்கால். தினந்தினம் எண்ணெய் தேய்த்த முழங்காலைக் கை மறக்குமா? விரல்களை மெல்லக் கீழே ஓட்டினாள். கால் முழுக்க அம்மைத் தழும்புகள், ஆறிப்போய்ச் சின்னச்சின்னக் குழிகளாக இருந்தன. அவள் கப்பலேறிய அன்று அவை நீர் கோத்த கொப்புளங்கள். சொறியவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்திருக்கிறான், இல்லாவிட்டால் இப்படி ஆறாது என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் காலுக்கும் எண்ணெய் தேய்த்துப் பாதத்தை நீவிவிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அவள் இரண்டு உடம்புக்கு எண்ணெய் காய்ச்சினாள். ஊரார் கொஞ்ச நாள் வாய் பிளந்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். முடிவெட்டுகிற கோவிந்தன் அவனுடைய இடது காதுப் பக்கம் வரும்போது, ‘கால கொஞ்சம் நவுத்து கண்ணு’ என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை வைப்பார். பரிசலோ வண்டியோ எதில் ஏறினாலும் வலது பக்கம் ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்துகொண்டார்கள். துலுக்கானத்தால் மூட்டை தூக்க முடியவில்லை. ஏரிக்கரையோரம் மாடு பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் படுக்கமாட்டான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவான். நாகம்மாள் வேலை முடிந்ததும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவளுக்குத் துக்கம் இல்லை என்று சில பேர் சொன்னார்கள். துக்கம்தான், ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறவளின் துக்கம் அது.

கஷ்டம் என்னவென்றால் வேம்பு வளர்ந்தாள். அடுத்த வருஷம் ஆடி மாதத்துக்குள் ஐந்து வயதுக் குழந்தையின் கனம் வந்துவிட்டது. எண்ணெய் தேய்க்கும்போது கால் அவன் மார்புவரை எட்டியது. துலுக்கானத்தின் முதுகு வில்லாக வளைந்தது, கழுத்து ஒரு பக்கமாக இறுகிப்போனது, மூச்சு பாதியிலேயே நின்று திரும்பியது. இருமத் தொடங்கினான். நாகம்மாள் பூந்தமல்லியிலிருந்து வைத்தியர் உலகநாதனை அழைத்துவந்தாள். அவர் துலுக்கானத்தின் இடது கையைப் பிடித்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த மணிக்கட்டில் இரண்டு நாடி ஓடியது. ஒன்று தளர்ந்துபோன பெரியவனுடையது. இன்னொன்று சின்னது, வேகமானது, ஒரு கோளாறும் இல்லாதது. வைத்தியர் பெரியவனுக்கு மட்டும் மருந்து கட்டினார். புறப்படும்போது நாகம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சுக்கூடு நசுங்கிக்கொண்டு வருகிறது, இதற்குச் சூரணமும் லேகியமும் கேட்காது, உன் கைதான் இறக்கவேண்டும், தாமதித்தால் இவன் தங்கமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் கையால் முடியும் என்பது நாகம்மாளுக்கும் தெரியும். எந்த இடத்தில் அழுத்தினால் அந்தத் தோள் விட்டுக்கொடுக்கும் என்று முதல்நாளே தெரிந்துவிட்டது. அந்த ஒரு இடத்தை மட்டும் அவள் விரல் அன்றாடம் சுற்றிக்கொண்டு போனது.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. மதராஸையே மூழ்கடித்த அந்த வெள்ளத்தில் பாரிவாக்கம் ஏரி நிரம்பி வழிந்து, விடியற்காலையில் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. மற்றவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர். வளைந்துபோயிருந்த துலுக்கானத்துக்கு அது வாய்வரை வந்தது. நிமிரத் தெரியாதவன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, இடது கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு பேர் சேர்ந்து அவனைக் கதவுப் பலகையில் கிடத்திப் பெருமாள் கோயில் மேட்டுக்கு இழுத்துப்போனார்கள். மழை விட்டு வெயில் அடித்த மத்தியானம், கோயில் மண்டபத்தில் அவன் நெஞ்சில் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டே நாகம்மாள் பேசினாள்.

“எறக்கிடலாம்யா,” என்றாள்.

“எறக்கி உட்டுடாத நைனான்னு கேட்டுச்சு. மாட்டேன்னு சொல்லிக்கீறேன்.”

பிறகு அவன் நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷமாக வாயில் வராதது அந்த மண்டபத்தில் வந்தது. மலைப்பாதையில் தண்ணீர் இல்லாமல் மூங்கில் குருத்தைக் கடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். வழியெல்லாம் வாந்திபேதி. முன்னால் போனவர்கள் பாதையோரத்தில் படுத்துக்கிடந்தார்கள். அவர்களைப் பார்க்காமலிருக்க வேம்பு அவன் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு காலையில் அவளுக்கும் கண்டது. சாயங்காலத்துக்குள் தோளிலேயே சில்லிட்டுப்போனாள். அவன் தெரியாததுபோல மறுநாளும் நடந்தான். ஒரு ஆற்றங்கரையில் கூட வந்தவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தோளிலிருந்து பிரித்தெடுத்து மணலில் புதைத்தார்கள்.

“ஒடம்பத்தான் எறக்குனாங்க. அவ எறங்கல. என்னோடயே வந்துட்டா.”

நாகம்மாளின் கை நின்றது. யாரிடமும் சொல்லாததை அவளும் சொன்னாள். “அவ தூங்கிக்கினு இருக்கும்போதே நா கப்பலேறிட்டேன். முயிச்சா அயுவான்னு. எந்திரிச்சிட்டு அம்மா எங்கன்னு கேட்டிருப்பாளே.”

“டெய்லி கேட்டா. ஊட்ல கீது, அங்கதான் போய்க்கினு கீறோம்னு சொன்னேன். அதுக்குத்தான் அவ்ளோ தூரம் அயுவாம வந்தா.”

மண்டபத்துக்கு வெளியே யாரோ ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நாகம்மாள் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ எங்கிட்ட குடுய்யா,” என்றாள். “எங்கிட்ட குடுத்தா எறக்குனதா ஆவாது.”

“முயிச்சிக்கிமே,” என்றான் அவன்.

“தூங்க வச்சி வாங்கிக்கிறேன்.”

அவசரப்பட முடியவில்லை. அந்தச் சுமையைச் சுற்றித் துலுக்கானத்தின் சதை கல்லாக இறுகிப்போயிருந்தது. திடீரென்று எடுத்தால் எலும்பு நொறுங்கிவிடும். நாகம்மாள் பாதத்திலிருந்து தொடங்கினாள். நொச்சித்தழை போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி, உள்ளங்காலை முஷ்டியால் தேய்த்தாள். கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக உருவினாள். ஆமணக்கெண்ணெய் தடவி இடுப்பில் ஒத்தடம் கொடுத்தாள். கார்த்திகை கடைசிக்குள் காலின் வீக்கம் வடிந்தது, மலம் ஒழுங்காகப் போயிற்று. முதுகின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் பிடித்து, அவை தாமாக இளகும்வரை அழுத்திக் காத்திருந்தாள். மார்கழியில் இருமல் தணிந்தது, மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது, முகத்தில் ரத்தம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அவனுக்குச் செய்ததைத் தோளில் இருந்தவளுக்கும் செய்தாள். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது சொல்லுகிற கைநீள, கால்நீள என்ற சொற்களை முணுமுணுத்தபடி விரல்களைச் சொடுக்கெடுத்தாள். அவன் உடம்பு இளக இளக அவளும் இளகிக்கொண்டு வந்தாள். தையில் ஒரு மத்தியானம், வெயில் முற்றத்தில் விழுந்திருந்தபோது, தோளின் கனம் திடீரென்று கூடியது. தூங்கிப்போன குழந்தை கனக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். நாகம்மாள் அதுவரை சுற்றிச்சுற்றிப் போன இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். தோள் விட்டுக்கொடுத்தது. உடனே இரண்டு கையையும் கீழே கொடுத்து, தலையைத் தாங்கி, கால்களை ஒவ்வொன்றாக விடுவித்து, வேம்புவை வாங்கிக்கொண்டாள்.

துலுக்கானம் நிமிர்ந்தான். அவனுடைய முதுகெலும்பு சடசடவென்று நெட்டி முறிந்த சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. அப்படியே பாயில் மல்லாந்து படுத்தான், மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. நாகம்மாள் கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்தாள். குழந்தை விழித்துக்கொண்டதும், இரண்டு கால்கள் அவள் இடுப்பைக் கவ்விப் பிடித்தன. ஒரு கை முதுகுப்பக்கம் புடவையைப் பற்றியது. இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்பு, தொட்டி, ஆட்டுக்கொட்டில், முருங்கைமரம் எல்லாவற்றின் அருகிலும் நின்று நின்று நடந்தாள்.

“இதான் நம்ம ஊடு,” என்றாள்.

துலுக்கானத்தின் உடம்பு தேறியது. வயிறு நிறையச் சாப்பிட்டான், கையைத் தலைக்குமேல் தூக்கினான், கொஞ்ச நாளில் ஆவடி மிலிட்டரி கேம்பில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். ஆனால் கண்விழித்த அன்றிலிருந்து அவனுடைய வலது கை இடது தோளைத் தேடிக்கொண்டே இருந்தது. சமமான தரையில் நடக்கும்போது வலது பக்கமாக விழுந்தான். ரங்கூனிலிருந்து வரும் வழியில் வராத அழுகை இப்போது வந்தது. நெஞ்சு நன்றாக விரிகிறதல்லவா, அழுகையும் நன்றாக வந்தது. தினம் சாயங்காலம் கேம்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு நாகம்மாளின் எதிரே நிற்பான். அவள் இரு கையிலும் ஏந்திக் கொடுப்பாள். இருட்டுகிறவரை தோளில் வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிடுவான். பிறகு மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன அவளுடைய இடுப்பைப் பிடித்துவிடுவான். முதலில் அது முரட்டுக் கைதான். அழுத்தவேண்டிய இடமும் தடவவேண்டிய இடமும் நாளாக ஆகப் பழகிற்று. அவன் கையில்தான் அவள் தூங்கினாள். வேலைக்குப் போகிற வீடுகளில் அவளுக்கு உட்கார அகலமான பலகையாகப் பார்த்துப் போட்டார்கள். முத்தம்மாள் மட்டும் கூழ் ஊற்றும்போது ஒரு சின்னக் கிண்ணத்திலும் ஊற்றி வைத்தாள். அது அப்படியே இருக்கும். அதற்காக அவள் ஊற்றாமல் இருந்ததில்லை. நாகம்மாள் குளிப்பாட்டிய குழந்தைகள் அவள் இடுப்புப் பக்கம் பார்த்துச் சிரித்தன.

யுத்தம் முடிந்தது. கேம்பில் ஆள் குறைத்தார்கள். ரேஷன் அரிசி குறைந்தது, மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பேசிக்கொண்டார்கள். வேம்பு ஒவ்வொரு வருஷமும் வளர்ந்தாள். எட்டு வயதுக்கு மேல் அவளை இடுப்பில் வைத்துக்கொள்ள நாகம்மாளால் நாலடிக்கு மேல் முடியவில்லை. இருந்தாலும் இறங்கு என்று அவள் வாயால் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

நாற்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கூழ் ஊற்றுவதற்காக இருவரும் திருவேற்காடு கோயிலுக்கு நடந்துபோனார்கள். வேலப்பன்சாவடி தாண்டியதும் நாகம்மாளின் இடுப்பு லேசாகிவிட்டது. பதறிப்போய் நின்றாள். துலுக்கானம் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான், அங்கேயும் இல்லை. நடுரோட்டில் அவள் உட்கார்ந்து அழத் தொடங்கும்முன், அவளுடைய இடது கையின் சுண்டுவிரலை ஏதோ பிடித்துக்கொண்டது. சற்றுக் கழித்து அவனும் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான். பெரிய பெண்ணாகிவிட்டாள், இனிமேல் தூக்கிக்கொண்டு போக விடமாட்டாள் என்று இருவருக்கும் புரிந்தது. நாகம்மாள் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் கொஞ்சம் விலகி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, சின்ன அடியாக எடுத்துவைத்து நடந்தார்கள். அன்றைக்கு ரோட்டில் நல்ல கூட்டம். கரகக்காரர்களும் வேப்பிலை கட்டிய வண்டிகளும் சைக்கிள்களும் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒருவர்கூட அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போகவில்லை. வந்தவர்களெல்லாம் ஓரமாக ஒதுங்கி, மூன்று பேருக்கு வழிவிட்டார்கள்.